கழன்று போகாத பல் உறை



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பலருக்கு ஷிப்டு கணக்கில்தான் கூலி. கட்டிய பல் உறை கழன்றுவிட்டால், அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வரும் நாளில் அந்தக் கூலி போய்விடுகிறது. "சிமெண்டு மட்டமோ?" என்று கேட்பார்கள். பல சமயங்களில் குறை சிமெண்டில் இல்லை. அது ஒட்ட வேண்டிய பரப்பைத் தயார் செய்ததில் இருக்கிறது.

சாயப்பட்டறையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பருத்தித் துணியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து அதை நீக்காமல் சாயம் போட்டால், எத்தனை உயர்ந்த சாயமானாலும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். பல் உறையின் உட்புறமும் அப்படியே.

1955-ல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் புவனகோர், பல்லின் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் ரெசின் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1983-ல் சைமன்சென், கலாமியா என்ற இருவர், பீங்கானையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அவ்வாறு செய்யலாம் என்று அறிவித்தார்கள். அந்த அமிலம் பீங்கானில் உள்ள கண்ணாடிப் பகுதியை அரித்து நுண்ணிய குழிகளை உண்டாக்குகிறது. லித்தியம் டைசிலிகேட் உறைக்கு 5 சதவீத அமிலம் 20 விநாடி போதும். பின்பு கழுவி, உலர்த்தி, சைலேன் என்ற திரவத்தைப் பூசுகிறோம். அதன் ஒரு முனை பீங்கானைப் பிடிக்கும். மறுமுனை ரெசின் சிமெண்டைப் பிடிக்கும். இந்த அமிலம் சதையையும் எலும்பையும் பாதிக்கக் கூடியது. ஆகையால் வாய்க்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அதைக் கையாளுகிறோம்.

உறுதியான சிர்கோனியா உறைக்கு இந்த முறை பலிக்காது. அதில் அரிப்பதற்குக் கண்ணாடிப் பகுதியே இல்லை. சுமார் 50 மைக்ரான் அலுமினா தூளைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, எம்.டி.பி. என்னும் பாஸ்பேட் கலந்த பிரைமரைப் பூச வேண்டும். அந்தப் பாஸ்பேட் முனைதான் சிர்கோனியாவைப் பற்றிக்கொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று எச்சில். வாயில் அளவு பார்க்கும்போது எச்சிலில் உள்ள பாஸ்பேட் சிர்கோனியாவில் முந்திக்கொண்டு ஒட்டிவிடும். பிறகு பிரைமருக்கு இடம் இருக்காது. தண்ணீரில் கழுவினால் மட்டும் அது போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்தால் மேலும் பாஸ்பேட்தான் படியும். ஆகவே முதலில் அளவு பார்த்து, அதன் பின்பே தூள் பீய்ச்சி, பிரைமர் பூசி, பல்லை உலர்வாக வைத்து ஒட்டுவது நல்லது.

உங்களுக்கு உறை கழன்றால் கடையில் விற்கும் பசையால் ஒட்டிக்கொள்ளாதீர்கள். பத்திரமாக எடுத்து, விரைவில் மருத்துவரிடம் வாருங்கள். பல் சிகிச்சைக்கு நீங்கள் கொடுக்கும் காணிக்கை உறையை மட்டும் வாங்குவதில்லை; அந்தத் தூளையும், பிரைமரையும், அவசரப்படாமல் செலவிடும் சில நிமிடங்களையும் வாங்குகிறது. அதனால் ஒரு தொழிலாளியின் ஷிப்டுக் கூலி மிஞ்சுகிறது.