கல்லீரல் புற்றணுவும் சர்க்கரையும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். "சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி" என்று உறவினர் ஒருவர் சொல்ல, அவருடைய காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள். அவரோ சோறும் வேண்டாம் என்கிறாராம். இது சரிதானா என்றறிய நாங்கள் புத்தகங்களைப் புரட்டினோம்.

நம் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தோல்கள் குவிந்துவிட்டால் மேஸ்திரி புதுத் தோலை ஊறப்போட விடமாட்டார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் ஏறினாலோ, அடுத்த வேலைக்காரர்களை விரட்டுவார். உயிரணுவுக்குள் சர்க்கரை சிதையும்போது பிறக்கும் இடைப்பொருள்களே இந்த மேஸ்திரிகள்! சிட்ரேட் மிகுந்தால் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்னும் நொதியைத் தடுத்து, முன்கட்டத்திலேயே வேகத்தைக் குறைக்கும். பிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் சேர்ந்தால், கடைசிக் கட்ட நொதியாகிய பைருவேட் கைனேஸை முடுக்கிவிடும்.

நலமான கல்லீரல் பின்னோக்கியும் வேலை செய்து, சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்துக்குத் தரும். பல கல்லீரல் புற்றுகளில் அந்தப் பின்வழிக்குரிய நொதி ஒன்று குறைந்துவிடுகிறது. பைருவேட் கைனேஸும் எம்2 என்னும் வேறு வடிவம் மிகுதியாகிறது. பிராணவாயு இருந்தும் புற்றணு சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மனியின் ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார்.

ஆகக் கோளாறு ஷாப்புக்குள்ளே; காப்பிக் கரண்டியில் அல்ல. நோயாளி உண்ணாவிட்டாலும் உடல் தன் தசையைக் கரைத்தாவது இரத்தத்தில் சர்க்கரையைக் காக்கும். மெலிபவர் தாத்தாதான். நீரிழிவுக்காக மருத்துவர் நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம்.

தோழி வீட்டில் சொன்னாள். மருத்துவரைக் கேட்டார்கள். இப்போது தாத்தாவின் காப்பியில் ஒரு கரண்டி உண்டு.