பீடியை விட்டுவைக்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. எந்த மாத்திரை எந்த மாதம் ஸ்டோரில் தீர்ந்துபோகும், எந்தக் கிழமை ஓ.பி.யில் கூட்டம் அலைமோதும் என்பதையெல்லாம் அங்குள்ள நர்ஸ்களே சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது ஒரு விஷயத்துக்காக: மனச்சோர்வோடு வருகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் பீடிக்கட்டு.

அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பது நம் துறையின் பழைய வழக்கம். "பாவம், அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான், முதலில் மனசு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்போம். அந்த அப்புறம் வருவதே இல்லை. மனசு தேறியவர் சில வருஷம் கழித்து மாரடைப்போடு பக்கத்துக் கட்டடத்தில் படுத்திருப்பார். இதை நான் கருணை என்று ஏற்க மாட்டேன்.

பீடி ஆறுதல் தருகிறது என்பதிலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. ரத்தத்தில் நிகோடின் குறைந்ததும் எரிச்சலும் பதற்றமும் வரும். ஒன்றைப் பற்றவைத்தால் அடங்கும். அந்தப் பதற்றத்தை மூட்டியதே முந்தின பீடிதான். நோயாளி அதை மருந்து என்று நம்புகிறார். கூடவே நாமும் நம்பிவிடுகிறோம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு இதற்கு நேர்மாறாகச் சொன்னது: புகையை விட்டவர்களுக்கு, மனநோய் இருந்தவர்களையும் சேர்த்து, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

மனச்சோர்வு, புகை இரண்டுக்கும் உதவும் ஒரு மருந்து பியூப்ரோபியான். அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை முழுவதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் நரிமன் மேத்தா 1969-ல் அமெரிக்காவில் அதை உருவாக்கினார். 1985-ல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. அளவு தாராளமாக இருந்த காலம் அது. வலிப்பு வரத் தொடங்கியது, அதுவும் அதிகமாகத் தின்று வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகளிடம். 1986-ல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். நாளுக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு 1989-ல் மீண்டும் வந்தது. பிறகு கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் பணியாற்றிய லிண்டா ஃபெரி என்ற மருத்துவர் அதைப் புகைப்பவர்களிடம் சோதித்துப் பார்த்தார். 1997-ல் புகையை நிறுத்தவும் அனுமதி வந்தது. டோபமைனும் நாரட்ரினலினும் மூளையில் சற்று நேரம் தங்கும்படி செய்வது ஒரு வேலை. நிகோடின் போய் உட்காரும் இடங்களை ஓரளவு அடைப்பது இன்னொரு வேலை. மனச்சோர்வே இல்லாதவருக்கும் புகையை விட அது உதவுவது இதனால்தான்.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் விசாரியுங்கள். எப்போதாவது ஃபிட்ஸ் வந்ததா? தலையில் பலத்த அடி பட்டதா? சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா? தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாரா? இடையில் சில வாரம் தூக்கமே இல்லாமல் உற்சாகம் தலைக்கேறித் திரிந்தாரா? குடியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேளுங்கள். நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு, தினமும் டாஸ்மாக் போனவர்கூட ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. முதலில் குடியை முறையாக இறக்குங்கள்.

அதே மாலை இன்னொரு வகையில் உங்களுக்குத் துணை. "என்னால முடியாது டாக்டர்" என்பவரிடம் போன வருஷம் மலைக்குப் போனீர்களா என்று கேளுங்கள். ஒரு மண்டலம் தொடாமல் இருந்தவருக்கு முடியாது என்பது பொய் என்று அவருக்கே தெரியும்.

மருந்து ஆரம்பித்த அன்றே பீடியை விடச் சொல்லாதீர்கள். முதல் மூன்று நாள் காலையில் 150 மில்லிகிராம் மட்டும். பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவில் எட்டு மணி நேரமாவது இடைவெளி. மாலை மாத்திரை இருட்டுவதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் போய்விடும். மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. மறந்துபோன வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாளை அவரே குறிக்கட்டும். நாள் குறிப்பது நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய காரியமா என்ன? வீட்டுக்காரம்மாவும் கூட உட்கார்ந்து குறித்தால் இன்னும் நல்லது.

பயமுறுத்தும் பழைய செய்திகளை நோயாளியின் மகன் கைபேசியில் காட்டுவான். புகையை விட உதவும் மருந்துகள் மனநிலையைக் கெடுக்கும் என்று 2009-ல் அமெரிக்காவில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டது உண்மைதான். 2016-ல் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஈகிள்ஸ் ஆய்வில் அந்தப் பயம் உறுதிப்படவில்லை, எச்சரிக்கையை நீக்கினார்கள். அதே ஆய்வில் புகையை நிறுத்துவதில் வரெனிக்ளின் என்ற இன்னொரு மருந்து பியூப்ரோபியானைவிட மேலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த மனச்சோர்வு மருந்து கொடுத்தாலும் முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் பற்றி வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். அந்த எச்சரிக்கை இன்றும் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் ஒரு மூலையில் கிடக்கும் விஷயம் ஒன்று. பீடிப் புகையிலுள்ள தார், மனநோய் மாத்திரைகளான ஒலான்சபைனையும் குளோசபைனையும் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். போன மாதம் தெளிவாக இருந்தவர் இந்த மாதம் தூங்கி வழிவார். வீட்டில் "பீடியை விட்டதும் ஆளே மந்தமாயிட்டார்" என்பார்கள். குறைக்க வேண்டியது அந்த மாத்திரையின் அளவை. நிகோடின் சூயிங்கம் மென்றாலும் இது மாறாது, ஏனென்றால் காரணம் நிகோடின் அல்ல. காபியும் இதே கணக்குதான்: பழையபடி குடித்தால் படபடப்பு வரும்.

வாயில் அடக்கும் புகையிலைக்கு இந்த மருந்தை நம்பாதீர்கள். அங்கே இது எடுபடுவதாகச் சான்று இல்லை.

விட்ட முதல் வாரம்தான் கடினம். எரிச்சல், அழுகை, தூக்கமின்மை எல்லாம் வரும். மனச்சோர்வு திரும்பியதுபோலவே தோன்றும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். அடங்காவிட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காதீர்கள். அந்த வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு உங்கள் பக்கத்திலிருந்து போகட்டும். நேரமில்லையென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள்.

1997-ல் வந்த பெரிய சோதனையில் 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12 பேர். ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் முக்கால்வாசிப் பேரால் விட முடியவில்லை என்பதும் அதே கணக்குதான். உங்களிடமும் அப்படித் திரும்பி வருவார்கள், தலையைக் குனிந்துகொண்டு. திட்டி அனுப்பிவிடாதீர்கள், தம்பி. உட்காரவைத்து இன்னொரு நாள் குறியுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மனநல மருத்துவன்