எல்லார் கையும் தெரிந்த நாலு பேர்

டிசம்பர் கடைசியில் ஏற்காடு ஏழு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்ளும். ஒண்டிக்கடையிலிருந்து மேலே ஏறும் வழியில் மச்சான் வீடு. சுற்றிலும் காபி, இடையிடையே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. பழம் பறிக்கிற சீசன் என்பதால் பகலில் யாருக்கும் பேச நேரமில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மச்சான் டிவியில் யூடியூபைப் போட்டார். லாஸ் வேகாஸ் போக்கர் போட்டியின் ஃபைனல் டேபிள். எதிரே குல்லாவும் ஸ்வெட்டருமாக மச்சான், மாமா, பக்கத்து எஸ்டேட் ரைட்டர், நான். நாலு பேருக்கும் ரம்மி அத்துப்படி, போக்கர் ஒருவருக்கும் தெரியாது. அரை மணி நேரத்தில் நாலு பேருமே நிபுணர்களாகிவிட்டோம்.

"இவன் ஏனுங்க இதுக்குப் போய்ப் பணம் கட்டறான்? எதிர்த்தாப்ல இருக்கறவன் ரெண்டு ஏஸ் வெச்சிருக்கான்ல!" என்று ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று கேட்ட கருத்துகளில் பாதி எனக்கும் இருந்தவைதான். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

நம்பிக்கை: இதைவிட நாமே நன்றாக ஆடுவோம்.

உண்மை: ரைட்டருக்குத் தெரிந்த அந்த இரண்டு ஏஸ், மேசையில் இருந்தவருக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. இவ்வளவுதான் ஆட்டம். ஒரு காலத்தில் டிவியில் இதைப் பார்ப்பது தண்டனை; சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒன்பது பேர் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது? அதை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளானவர். மறைசீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் காமிரா ஏற்பாட்டுக்கு 1995-ல் காப்புரிமை வாங்கினார். 1999-ல் பிரிட்டனில் ஒரு போக்கர் நிகழ்ச்சி மேசைக்குள் கண்ணாடி பதித்துச் சீட்டைக் காட்டியது. அன்றிலிருந்து பார்ப்பவன் கடவுள், ஆடுபவன் குருடன்.

2003 உலகப் போக்கர் போட்டியின் கடைசிக் கட்டத்தை மச்சான் இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். ஒருபக்கம் கிறிஸ் மணிமேக்கர், டென்னசி மாநிலத்துக் கணக்காளர். (பணம் பண்ணுபவர் என்று பட்டப்பெயர் இல்லை, பிறந்த குடும்பத்தின் பெயரே அதுதான்.) 86 டாலர் கட்டி ஆன்லைன் தகுதிச்சுற்றில் ஜெயித்து வந்தவர். எதிரே சாம் ஃபர்ஹா, பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். மேசையில் இஸ்பேட் ஒன்பது, ஆறு, எட்டு. இன்னொரு இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃப்ளஷ். விழவில்லை, கடைசியாக வந்தது ஆட்டின் மூன்று. கையில் ஒரு ஜோடிகூட இல்லாமல் மனுஷன் இருந்த சிப் முழுவதையும் முன்னால் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி. கட்டினால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். உனக்கு ஃப்ளஷ் வராமல் போய்விட்டது, இல்லையா என்று வாய்விட்டே கேட்டார். சரியாகத்தான் ஊகித்திருந்தார். அப்படியும் பணம் கட்டாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"மடையன்" என்றார் மாமா. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊகிப்பது வேறு, அந்த ஊகத்தின் மேல் தன்னிடம் உள்ள பெரும்பகுதியை வைப்பது வேறு. மாமாவுக்குத் திரையில் எழுதிக் காட்டினார்கள், ஃபர்ஹாவுக்கு எதிராளியின் முகம் மட்டும்தான். மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் ஆடியவர்கள் 839 பேர், மூன்றே வருஷத்தில் அது 8,773 ஆனது. எல்லாரும் அந்த 86 டாலரைத்தான் பார்த்தார்கள்.

நம்பிக்கை: திரையில் 82 சதவீத வாய்ப்பு என்று போட்டும் தோற்றுவிட்டான், எல்லாம் பேசிவைத்த ஆட்டம்.

உண்மை: ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் நேருக்கு நேர் மோதல் வந்தால் ஏஸுக்குச் சுமார் 82 சதவீத வாய்ப்பு. மிச்சம் 18 இருக்கிறதே? சராசரியாக ஐந்தாறு தடவையில் ஒரு தடவை ராஜா ஜெயிக்கும். இன்னொன்று, அந்த எண் எல்லாக் கையையும் தெரிந்துகொண்டு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. மேசையில் இருப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை.

நம்பிக்கை: மேசையில் கிடப்பதெல்லாம் பணம்.

உண்மை: போட்டி ஆட்டத்தில் சிப் பணமல்ல, உயிர். 2024 உலகப் போட்டியில் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், அதற்குத் தந்தது 60,000 சிப். மொத்தம் 10,112 பேர். கடைசியில் அறுபது கோடிக்கும் மேலான சிப் ஜோனதன் டமாயோ முன்னால் குவிந்தது, பரிசு 1 கோடி டாலர். முதல் 1,517 பேருக்குத்தான் ஏதோ கிடைத்தது. மீதி எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வெறுங்கையோடு எழுந்து போனார்கள். அவர்கள் எழுந்து போகிற காட்சியை எந்த நிகழ்ச்சியும் ஒரு மணி நேரம் காட்டியதில்லை.

ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் என்பதும் கத்தரிக்கோலின் வேலைதான். 2018-ல் கடைசி இருவர் மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல், 199 கை ஆடினார்கள். பெரும்பாலான கையில் ஒருவர் சீட்டைப் பார்த்துக் கவிழ்ப்பார், அவ்வளவுதான். நாம் பார்ப்பது வடித்தெடுத்த கஞ்சி.

நம்பிக்கை: நம்ம பெங்களூர்க்காரரே 45 கோடி அடித்தார்.

உண்மை: அடித்தார். சந்தோஷ் சுவர்ணா, 2024, 54 லட்சம் டாலருக்கு மேல். அந்த மேசையில் உட்கார நுழைவுக் கட்டணம் மட்டும் 2,50,000 டாலர், நம் கணக்கில் இரண்டு கோடி ரூபாய். ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காபித் தோட்டம் என்ன விலை என்று மச்சானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

நம்பிக்கை: கோர்ட்டே திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது, அப்புறம் ஃபோனில் ஆடினால் என்ன?

உண்மை: இங்கேதான் ஆளுக்கு ஆள் பாதி தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதே தீர்ப்பு மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொன்னது, அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கிய பிறகு தமிழ்நாடு 2021-ல் தடைச் சட்டம் போட்டது. அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை விட்டுவைத்து, அந்த இரண்டையும் அப்படிச் சொல்ல முடியாது என்றது. மாமா கேள்விப்பட்டது அதுவரைதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, போன பணம்தான் தண்டனை.

திறமை ஆட்டம் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. எதிரே இருப்பவன் உங்களைவிடத் திறமைசாலியாக இருந்தால் நாளடைவில் பணம் அவன் பக்கம்தான் போகும், நிச்சயமாக. வெறும் அதிர்ஷ்டமாக இருந்தாலாவது நமக்கும் பாதி வாய்ப்பு.

மறுநாள் ராத்திரி மச்சான் தினக் காலண்டரிலிருந்து நாலைந்து தாள் கிழித்தார். திரையில் சீட்டு தெரிகிற மூலையில் அவற்றை ஒட்டிவிட்டு அதே ஆட்டத்தைப் புதிதாக ஓட்டினார். ஒவ்வொரு கையிலும் யார் ஜெயிப்பார், யார் பொய்யாகக் கட்டுகிறார் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருபது கை பார்த்தோம். ரைட்டர் ஆறு சரியாகச் சொன்னார். அவர்தான் முதலிடம்.