ஊசிக்கு முன் ஒரு காலை நேரப் பரிசோதனை

கேள்வி: வயது 48. தீராத களைப்பு, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: 1889இல் பாரிஸில் 72 வயதுப் பேராசிரியர் பிரவுன்-செக்கார், நாய், கினிப்பன்றி விரைகளின் சாற்றைத் தனக்குத்தானே ஊசியாக ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த ஹார்மோன் மிகச் சொற்பம். வேலை செய்தது நம்பிக்கைதான். நண்பரின் ஆலோசனையிலும் அதே அவசர நம்பிக்கை தெரிகிறது.

களைப்புக்கு ஹார்மோன் மட்டும் காரணமல்ல. சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், தொப்பை என்று பட்டியல் நீளம்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே காலையில், இரு வேறு நாட்களில் பரிசோதிக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது. எண் மட்டும் போதாது, அறிகுறியும் வேண்டும்.

இரண்டும் இருந்தால் சிகிச்சை பலன் தரும். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்த அடைப்பும் சற்று அதிகம். ரத்தம் தடிக்கவும் கூடும்.

பலருக்குத் தெரியாத விஷயம்: வெளியிலிருந்து ஏற்றும் ஹார்மோன் விந்தணு உற்பத்தியையே முடக்கும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நண்பரின் ஆலோசனையை விட்டுவிட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.