அப்பத்தா எழுதிய செட்டில்மெண்ட் பத்திரம்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "நீ சிவில்தானே, பாலம், அணைன்னு எதையாவது எழுது" என்றார். பாலத்தைப் பற்றி நமக்குப் பாடத்தில் இருப்பதே போதும். போன லீவில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பத்திரப் பதிவைத்தான் இங்கே எழுதப்போகிறேன். 'நமக்கென்ன சம்பந்தம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பலர் வீட்டில் ஃபாரம் நிரப்ப, ஆபீசுக்கு அலைய, முதலில் கூப்பிடுவது நம்மைத்தான்.

என் அப்பத்தாவுக்கு வயது 76. மதுரையில் அவர் பெயரில் இரண்டு போர்ஷன் வீடு இருக்கிறது. இரண்டும் வாடகைக்கு விட்டது. மாதம் 4,500, 5,000 என வரும் வாடகையில்தான் அவருடைய சுகர் மாத்திரையும் வெற்றிலை பாக்கும் நடக்கிறது. அத்தை கணவரை இழந்து அப்பத்தாவோடுதான் இருக்கிறார். "இந்த வீட்டை உங்க அத்தைக்கே எழுதி வச்சிரணும்டா" என்று அப்பத்தா சொல்லாத நாளில்லை. அப்பாவுக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது. சித்தப்பாதான், "நான் கையெழுத்துப் போடமாட்டேன், எப்படி எழுதுறீங்கன்னு பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

விசாரித்துப் பார்த்தால், சித்தப்பாவின் கையெழுத்தே தேவையில்லை! வீடு 1984-ல் அப்பத்தா பெயரிலேயே கிரயம் வாங்கியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவின்படி ஒரு பெண்ணின் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். தனக்கு முழு உரிமை உள்ள சொத்தைக் கொடுக்க மற்றப் பிள்ளைகளின் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் அதே வீடு தாத்தா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் கதையே வேறு. அப்போது வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்பத்தா தன் பங்கைத்தான் கொடுக்க முடியும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மூலப்பத்திரத்தில் இருக்கும் பெயரை. கூடவே வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்தோம். அடமானம் எதுவும் இல்லை. மூலப்பத்திரத்தில் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி' என்று இருந்த ஒரு கொம்பு வித்தியாசம்தான் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் 'என்கிற' போட்டு இரண்டு பெயரையும் பத்திரத்தில் எழுதினோம்.

'உயில் எழுதினால் செலவே இல்லையே' என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார். உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும். அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் உரிமை மாறிவிடும். மனசு மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர் தன்னிஷ்டத்துக்குத் திரும்ப வாங்க முடியாது. சித்தப்பாவின் குணம் தெரிந்த அப்பத்தா, "நான் கண்ண மூடுனப்புறம் கோர்ட்டு வாசல்ல நிக்க வேணாம், இருக்கும்போதே முடிச்சிரு" என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் வைத்துத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. எழுதிக் கொடுப்பவரோ எழுதி வாங்குபவரோ தாமே பத்திரம் தயாரிக்கலாம். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 122, 123 பிரிவுகள் கேட்பது கொஞ்சம்தான்: பணம் வாங்காமல் மனமுவந்து கொடுக்க வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், பத்திரம் பதிவாக வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அத்தையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தான தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 1908 பதிவுச் சட்டம்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்குச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக்கட்டணம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அது முத்திரைத்தீர்வைக்கு 25,000-லிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக்கட்டணத்துக்கு 4,000-லிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. எங்கள் வீட்டின் மதிப்பு, மனைக்கு வழிகாட்டி மதிப்பும் கட்டடமும் சேர்த்து 18 லட்சம். ஆக 18,000-மும் 10,000-மும் சேர்த்து 28,000 ரூபாய். இதையே குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கு எழுதியிருந்தால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 1,62,000 ரூபாய் ஆகியிருக்கும்! குடும்பம் என்பதில் பெற்றோர், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அடக்கம். மருமகளும் மருமகனும் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும்" என்றார்.

கட்டடத்தை அளந்தது அடியேன். டேப்பைப் பிடித்துக்கொண்டு பிளிந்த் ஏரியா எடுத்தபோது, முதல் வருஷம் சர்வே பிராக்டிகலில் தூங்கியதற்கு வருத்தப்பட்டேன்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு மாதிரிப் பத்திரம் கிடைத்தது. அத்தை அதைப் பார்த்துத் தன் கையால் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரு வரி வந்தது. எல்லாப் பத்திரத்திலும் வரும் வரிதான். ஆனால் 'இன்று முதல்' என்றால் வாடகையும் இன்று முதல் அத்தைக்குத்தானே? அப்பத்தாவின் மாத்திரைக் காசு? அத்தையிடம் கேட்டேன். "நான் குடுக்காமப் போயிருவேனாடா?" என்றார். கொடுப்பார்தான். ஆனால் அத்தைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? வீடு அத்தையின் வாரிசுகளுக்குப் போகும், அவர்கள் கொடுப்பார்களா?

இதற்கு வழி இருக்கிறது. சொத்தின் உரிமையை இப்போதே கொடுத்துவிட்டு, வாடகையை வாங்கி அனுபவிக்கும் உரிமையை மட்டும் ஆயுள் முழுக்கத் தனக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் தானம் செல்லாது என்று சிலர் சொல்வார்கள். ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் 2014-ல் உச்சநீதிமன்றம் இதைத்தான் தீர்த்து வைத்தது. வாடகை வாங்கும் உரிமையைக் கொடுப்பவரே வைத்துக்கொண்டாலும், முறையாகப் பதிவாகி ஏற்றுக்கொள்ளப்பட்ட தானம் செல்லும் என்பது தீர்ப்பு. ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, 'என் ஆயுள்வரை வாடகையை நானே பெற்று அனுபவித்து வருவேன். என் காலத்துக்குப் பின் தாங்கள் சர்வ சுதந்திரமாய்' என்று மாற்றினோம்.

இன்னொரு வரியும் சேர்த்தோம். அதைச் சேர்ப்பதற்குள் வீட்டில் ஒரு பாரதமே நடந்தது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்ய வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. முதியவர்களுக்கு உதவும்படி இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. எதற்கு வம்பு, பத்திரத்திலேயே எழுதிவிடலாம் என்றேன். அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பதினோரு வருஷமா ஆத்தாளுக்குத் தலை சீவி விடுறேன். என்னைய நம்பாம எழுத்துல வாங்குறீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சட்டத்தைப் படித்தவனுக்கு அந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பத்தாதான் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "இது ஒனக்காகவாடி? ஒன் தம்பி நாளைக்கு வந்து, கெழவிய ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்னு சொல்லுவான்ல. அப்ப நீ என்னத்தக் காட்டுவ? எழுது" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். அழகான முத்து முத்தான கையெழுத்து. டைப் அடிக்கக் கொடுத்தபோது எனக்கே மனசு வரவில்லை.

குடியிருப்பவர்கள் விஷயத்துக்கு வருவோம். உரிமையாளர் மாறியதால் மட்டும் வாடகைக்கு இருப்பவரை எழுப்ப முடியாது. புது உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். இதைச் சொத்து மாற்றுச் சட்டம் 109-வது பிரிவில் பாருங்கள். கைமாறியது தெரியாமல் பழையவரிடமே வாடகை கொடுத்துவிட்டால், அதை இன்னொரு தடவை கேட்க முடியாது. ஆகவே வாடகையையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வாங்கியிருக்கும் அட்வான்ஸ் தொகையையும், அதைத் திருப்பித்தர வேண்டியது யார் என்பதையும் பத்திரத்தில் சொல்லிவிட்டால் பின்னால் தகராறு வராது. நாங்கள் சொன்னோம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தமும், அதன் பதிவும் கேட்கிறது. எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் வாய்வார்த்தைதான் இருந்தது. அந்தச் சாக்கில் அதையும் சரிசெய்தோம்.

கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு மனைவி பெயருக்குப் போனாலும், வருமான வரிக் கணக்கில் அந்த வாடகை கணவன் கணக்கிலேயே சேரும். வரி மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதினால் ஏமாற்றம்தான்.

வக்கீலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைனர் பங்கு, நிலுவையில் வழக்கு, பேங்க் கடன், கொடுப்பவருக்கு நினைவு தடுமாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் தாமே எழுதக் கிளம்பாதீர்கள். அதற்கும் பணம் இல்லையே என்றால், 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. எங்கள் நகலையும் அப்படி ஒரு வக்கீல் அம்மாவிடம் காட்டினோம். ஒரே ஒரு இடத்தில் திசையை மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். கிழக்கு மேற்கைத் தப்பாக எழுதியது சிவில் மாணவன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

பதிவு அன்று அப்பத்தாவை ஆட்டோவில் கூட்டிப்போனோம். நடமாட முடியாதவராக இருந்தால், தக்க காரணம் காட்டி அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சார்பதிவாளர், "யாரும் வற்புறுத்தலையேம்மா?" என்று கேட்டார். "என்னைய எவன்யா வற்புறுத்துவான்?" என்றார் அப்பத்தா. ஆபீசே சிரித்தது. போட்டோ, கைரேகை எடுத்தார்கள். ஒரு சாட்சி பக்கத்துவீட்டு அண்ணன், இன்னொரு சாட்சி நான். அப்பா சாட்சி போடவில்லை. ஆட்டோக்காரரிடம் பேசுவதுபோல வெளியே நின்றுகொண்டிருந்தார்.

பட்டா, வீட்டு வரி, கரண்ட் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வரி ரசீது அத்தை பெயரில் வந்துவிட்டது. கரண்ட் பில் இன்னும் 'லட்சுமி' பெயரில்தான் வருகிறது. முதல் தேதியன்று மேல் போர்ஷன்காரர் வாடகையோடு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அத்தை, "அங்க குடுங்க, ஓனரம்மா அவங்கதான்" என்று அப்பத்தாவைக் காட்டினார். அப்பத்தா எண்ணிப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பணம் ஐம்பது ரூபாய் குறைகிறது என்றார்.