வாங்கி ஊட்டும் அரசு

தென்னமெரிக்கக் கண்டத்தின் ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பைத் தன்னகத்தே கொண்டது பிரேசில் நாடு. அமேசான் என்னும் பேரியாறு அதன் வடபகுதியை வளப்படுத்துகின்றது. காப்பி, சர்க்கரை, சோயா மொச்சை ஆகியவற்றை அந்நாடு கப்பல் கப்பலாகப் பிற நாடுகளுக்கு அனுப்புகின்றது. நமக்கும் அந்நாட்டிற்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. நம் நாட்டில் ஏழையர் பசியாற்றும் மரவள்ளிக் கிழங்கும், பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரியும் அம்மண்ணிலிருந்து போர்த்துக்கேசியர் வாயிலாக நம் கரை சேர்ந்தவை. அன்னாசி என்று நாம் வழங்கும் பெயரும் அப்பகுதிப் பழங்குடியினர் மொழியிலிருந்து போர்த்துக்கேசியர் நாவழியே வந்து தமிழிற் கலந்ததேயாம்.

இத்துணை வளம் படைத்த நாட்டிற் பசிக்கு இடமுண்டோ? உண்டு, அதிலும் வியப்பு யாதெனின், உணவை விளைவித்த உழவன் வீட்டிலேயே அது குடியிருந்தது. இதனை உலகறிய எடுத்துரைத்தவர் ஜோசுவே டி காஸ்ட்ரோ என்னும் மருத்துவர். அவர் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள ரெசிஃபி நகரில் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். ஆற்று முகத்துவாரச் சேற்றில் நண்டு பிடித்து உயிர்வாழ்ந்த மக்களைச் சிறுவயதிலேயே கண்டவர். 1946-ஆம் ஆண்டில் ‘பசியின் புவியியல்’ என்னும் நூலை வெளியிட்டார். பசி என்பது வானம் பொய்த்தலால் மட்டும் வருவதன்று. நிலம் சிலர் கையிற் குவிந்து, அதிற் கரும்பே எங்கும் பயிராகி, உழைப்பவனுக்குக் கீரைப்பாத்தி இடவும் இடமின்றிப் போவதால் வருவது என்று அவர் நிறுவினார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அவரைத் தன் மன்றத் தலைவராக்கியது. தாய்நாட்டிலோ 1964-இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றி அவருடைய அரசியல் உரிமைகளைப் பறித்தனர். அவர் நாடு திரும்பாமலே 1973-இல் பாரிசு நகரில் உயிர்நீத்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1993-இல், பெலோ ஓரிசோந்தே என்னும் பெருநகரின் நகராட்சி உணவுக்கென்றே தனித்துறை ஒன்றை அமைத்தது. உணவு குடிமக்களின் உரிமை என்பது அதன் கொள்கை. குறைந்த விலையில் வயிறார உண்ணும் உண்டிச்சாலைகளைத் திறந்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர் உழவர்கள் இடைத்தரகரின்றித் தம் காய்கனிகளை விற்க நகரில் இடம் ஒதுக்கியது. அந்நாளில் நகரத் தலைவராய் இருந்த பத்ருசு அனானியசு பின்னாளில் நடுவணரசின் சமூக வளர்ச்சி அமைச்சரானார். ஒரு நகரில் விதைத்த விதை நாடெங்கும் பரவுதற்கு அதுவும் ஒரு வழியாயிற்று.

2003-ஆம் ஆண்டு லூலா அவர்கள் குடியரசுத் தலைவரானதும் பசியொழிப்பை முதற்கடமையாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தால் ‘உணவுக் கொள்முதல் திட்டம்’ பிறந்தது. நாட்டிலுள்ள சிற்றுழவரிடமிருந்து அரசே உணவுப் பொருள்களை விலைகொடுத்து வாங்கி, அவ்வட்டாரத்து வறியோர்க்கு வழங்குவதே அத்திட்டம்.

கேட்பதற்கு எளிதாயிருப்பினும் இதில் ஒரு பெருந்தடை இருந்தது. அரசு எப்பொருளை வாங்கினும் ஒப்பந்தப்புள்ளி கோருதல் மரபு. யார் குறைந்த விலை குறித்துள்ளாரோ அவருக்கே வாய்ப்பு. ஊழலைத் தடுக்க ஏற்பட்ட நன்முறைதான் அது. ஆயினும், பத்தாயிரம் கிலோ மொச்சையை ஒரே நாளிற் கொண்டுவந்து இறக்குக என்றால், மூன்று ஏக்கர் நிலமுடையவன் என் செய்வான்? அவன் ஒப்பந்தப்புள்ளித் தாளைக் கையில் வாங்கவும் அஞ்சுவான். பெருவணிகனே வெல்வான், அவ்வணிகன் அதே சிற்றுழவனிடம் பாதி விலைக்கு வாங்கி அரசிடம் விற்பான். ஆதலின் இத்திட்டத்தின் கீழ் வாங்கும் உணவுக்கு ஒப்பந்தப்புள்ளி வேண்டா என்று சட்டமே விலக்களித்தது. வட்டாரச் சந்தை நிலவரத்தையொட்டி விலை வகுக்கப்பட்டது. செயற்கை உரமும் நச்சு மருந்தும் இன்றி விளைந்தவற்றிற்கு நூற்றுக்கு 30 வரை கூடுதல் விலையும் உண்டு. ஒரு குடும்பம் ஓராண்டில் இவ்வளவுக்குமேல் விற்றல் ஆகாது என்ற வரம்பும் வகுத்தனர். செல்வாக்குடைய ஒருவனே அரசின் பணம் முழுவதையும் அள்ளிக்கொள்ளாதவாறு காத்தது அவ்வரம்பே. என் கருத்தில் திட்டத்தின் உயிர்நிலை அதுதான்.

விற்கத் தகுதியுடையோர் யாவர் என்பதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. பெரும்பாலும் குடும்பத்தார் உழைப்பையே கொண்டு, குறித்த அளவுக்கு மேற்படாத நிலத்தில் பயிரிடுவோரே அவர். 2017-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, பிரேசில் நாட்டுப் பண்ணைகளுள் நூற்றுக்கு 77 இத்தகைய குடும்பப் பண்ணைகள். ஆயின் அவற்றின் வசமுள்ள நிலமோ நூற்றுக்கு 23 மட்டுமே.

இனி, திட்டம் நடைபெறும் முறையைக் காண்போம். ஓர் ஊரின் உழவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, இன்ன திங்களில் இன்ன பொருளை இவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுக்கின்றனர். குறித்த நாளிற் பூசணி, வாழைக்குலை, மரவள்ளி மாவு, கீரை ஆகியவற்றை நிறுத்துக் கொடுக்கின்றனர். அவை நெடுந்தொலைவிலுள்ள கிடங்குகளுக்குச் செல்வதில்லை. அருகிலுள்ள ஆதரவற்றோர் இல்லம், முதியோர் இல்லம், பொதுச் சமையற்கூடம் ஆகியவற்றிற்கே செல்கின்றன. வாங்குதலும் வழங்குதலும் ஒருங்கே நிகழ்தலின், நெல்லையும் சோளத்தையும் போலச் சேமித்து வைக்க இயலாத இலைக்கறியும் கனியும்கூட ஏழையர் கலத்தை அடைகின்றன. மழை குன்றிய வடகிழக்கு மாநிலங்களிற் பாலும் இவ்வாறே வாங்கப்பட்டு வழங்கப்படுகின்றது.

பண்டை நாளில் நம் நாட்டு வேந்தர் விளைவில் ஆறில் ஒரு கூறு இறையாகப் பெற்றனர்; பஞ்சம் வந்துற்றபோது களஞ்சியத்தைத் திறந்து வழங்கிய நல்லோரும் அவருள் இருந்தனர். அங்குக் கொடுத்தவன் உழவன். கொடையாளன் என்னும் புகழ் வேந்தனுக்கு. பிரேசில் நாட்டார் செய்ததிலோ உழவனுக்கு உரிய விலை கையிற் கிடைத்த பின்னரே பொருள் பிறர் கலத்தை அடைகின்றது. ‘கொள்முதல்’ என்னும் நம் சொல்லின் பொருள் இங்கே முழுமையாய்ப் பொருந்துகின்றது.

உம்பு என்னும் ஒரு மரத்தைப் பற்றி இங்கே கூறல் வேண்டும். வடகிழக்கு வறள்நிலத்தில் தானாகவே வளரும் மரம் அது. வேரிற் கிழங்குபோன்ற பகுதிகளில் நீரைத் தேக்கிவைத்துக் கோடையை வெல்லும். அதன் புளிப்புக் கனிகளை முன்னெல்லாம் வழிப்போக்கு வணிகர் அற்ப விலைக்கு வாங்கிச் செல்வர். பாயா மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அக்கனியைக் காய்ச்சிப் பாகும் கூழும் செய்யத் தொடங்கினர். வாங்குவோர் யார்? இத்திட்டத்தின் வழியே அரசும், பள்ளிகளும் வாங்கின. காட்டுமரத்தின் கனி, பள்ளிப் பிள்ளைகளின் சிற்றுண்டியாயிற்று.

எனினும் யாவும் இனிதே நடந்தன என்று எழுதினால் அது உண்மையாகாது. 2013-ஆம் ஆண்டில் தெற்கிலுள்ள பரானா மாநிலத்தில் காவல்துறையினர் சிற்றுழவர் சிலரைச் சிறைப்பிடித்தனர். ஏட்டில் ஒரு காய் குறிக்கப்பட்டிருக்க, கொடுக்கப்பட்டது வேறொரு காய் என்பது அவர்மேற் சாட்டிய குற்றங்களுள் முதன்மையானது. பயிர் ஏட்டிற்குக் கட்டுப்படுமோ? உறைபனி விழுந்தால் தக்காளி கருகும். அப்போது உழவன் அதற்கீடாய்க் கைவசமுள்ள முட்டைக்கோசைக் கொடுப்பான். உண்பவனுக்கு அதனாற் குறைவில்லை. கணக்கனுக்கோ அது பிழை. நெடுநாள் வழக்கிற்குப் பின் நீதிமன்றம் உழவர்களைக் குற்றமற்றோரென விடுவித்தது. ஆனால் அதற்குள் அச்சம் பரவிச் சங்கங்கள் பல சோர்ந்து போயின. நிலத்தின் இயல்பறியாத கணக்குமுறை உழவரையும் உண்போரையும் ஒருங்கே வருத்தியது.

2012-ஆம் ஆண்டிற்குப் பின்னர்த் திட்டத்திற்கு ஒதுக்கிய பணம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2021-இல் திட்டத்தின் பெயரும் மாற்றப்பட்டது. உலகப் பசி வரைபடத்தினின்று 2014-இல் நீங்கியிருந்த பிரேசில், மீண்டும் அதில் இடம்பெற்றது. 2022-இல் ஆய்வாளர் எடுத்த கணக்கின்படி 3 கோடியே 30 இலட்சம் மக்கள் பசியால் வாடினர். கொள்முதல் குறைந்ததே இதற்கு முழுக்காரணம் என்பது மிகையாகும். வேலையின்மையும், பெருந்தொற்றும், விலையேற்றமும் சேர்ந்தே அந்நிலையை விளைவித்தன. ஆனால் கைகொடுத்திருக்க வேண்டிய நாளில் அத்திட்டம் மெலிந்து கிடந்தது. 2023 மார்ச்சு 22-இல் அது பழைய பெயருடன் புதுப்பிக்கப்பட்டது. அவ்விழா நடந்த ஊர், முன்னர்க் கூறிய மருத்துவர் பிறந்த ரெசிஃபி. விற்போருள் பாதிப்பேரேனும் பெண்களாய் இருத்தல் வேண்டும் என்ற விதியும் அப்போது சேர்ந்தது. 2025 ஜூலையிற் பிரேசில் பசி வரைபடத்தினின்று மீண்டும் நீங்கிற்று.

மாணவர்களே, உங்களுக்கு அண்மையான செய்தி ஒன்று உள்ளது. பிரேசில் நாட்டில் பள்ளி உணவு 1955-இல் தொடங்கியது. காமராசர் நம் மாநிலத்தில் மதிய உணவைத் தொடங்கியதற்கு ஓராண்டு முன்னர். இன்று அங்கே ஏறத்தாழ 4 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் உண்கின்றனர். 2009 ஜூன் 16-ஆம் நாள் வந்த சட்டம், அவ்வுணவிற்கு நடுவணரசு தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்கேனும் குடும்பப் பண்ணைகளில் வாங்கச் செலவிடுதல் வேண்டும் என்று பணித்தது. முன்னைய திட்டத்திற்கு ஆண்டுதோறும் பணம் ஏறும், இறங்கும். இதுவோ சட்டத்திற் குறித்த பங்காதலின், மெலிந்த ஆண்டுகளிலும் உழவர்க்கு ஓர் ஊன்றுகோலாய் நின்றது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-இலும், அப்பணத்தில் வாங்கிய உணவைப் பொட்டலமாகக் கட்டிப் பெற்றோரிடம் கொடுக்கத் தனிச்சட்டம் இயற்றினர்.

ஒவ்வொரு நகராட்சியிலும் உணவியல் கற்றவர் ஒருவர் பள்ளி உணவுப் பட்டியலை வகுக்கின்றார். அவ்வட்டாரத்து விளைபொருளும் உணவுப் பழக்கமும் அதில் இடம்பெறல் வேண்டும் என்பது விதி. உள்ளூர் உழவருக்கு முதலிடம்; அவரால் இயலாவிடின் அண்டை வட்டாரத்தார், பின்னரே தொலைவிலுள்ளோர். இப்பங்கை நூற்றுக்கு 45 என உயர்த்தும் சட்டம் 2025-இல் இயற்றப்பட்டு, 2026 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சிற்றூர்களுக்கு இதனை நிறைவேற்றுதல் அரிதன்று. சாவோ பாவுலோ போன்ற மாநகரங்களிலோ பள்ளிகள் பல்லாயிரம், அருகிற் பண்ணைகள் சில. முந்தைய 30 பங்கை எட்டுதற்கே அம்மாநகரம் இடர்ப்பட்டது.