தடைக்காலம் போட்டால் இலிஷ் திரும்பிவிடுமா?

ஆடி பிறந்ததும் கொல்கத்தாவில் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, இலிஷ் வந்ததா என்றுதான். மானிக்தலாவிலும் கரியாஹாட்டிலும், தமிழர்கள் பலர் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கத்திலும் இதே பேச்சு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவரும் இந்த வெள்ளி மீனுக்கு நம் பக்கத்தில் உல்லம் என்று பெயர்; கோதாவரிக்காரர்களுக்கு அது புலசா. மேற்கு வங்கத்தில் இதன் வரத்து குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன் என்றால் நடுத்தரக் குடும்பம் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறது. ஏன் குறைந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவற்றில் பலவும் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி மீன்வளத்தை நிர்வகித்தால் மீனும் மிஞ்சாது, மீனவர் வீட்டில் அடுப்பும் எரியாது.

“ஒரு இலிஷ் இருபது லட்சம் முட்டை போடும். அது எப்படித் தீரும்?”

இருபது லட்சம் என்பது பெரிய, முதிர்ந்த பெண் மீனின் கணக்கு. சிறிய மீனின் சினையில் இருப்பது ஒன்றிரண்டு லட்சம்தான். பெரிய மீன்களை அரித்தெடுத்துவிட்டால் எஞ்சியவை போடும் முட்டையும் சுருங்கிவிடுகிறது. காட் மீனும் லட்சக்கணக்கில் முட்டையிடும் இனம்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் அது சரிந்து, 1992 ஜூலையில் பிடிப்பையே நிறுத்தினார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்தத் தடையை முறையாக விலக்க 2024 ஆனது. முட்டையின் எண்ணிக்கை எந்த மீனுக்கும் காப்பீடு இல்லை.

“அதற்குத்தான் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே!”

இதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை. தமிழ்நாட்டில் நாம் அறிந்த அதே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைதான் மேற்கு வங்கத்துக்கும். கிழக்குக் கரை முழுவதற்கும் ஒரே தேதி. அந்த இரண்டு மாதம் இழுவலைகள் அடிக்கடலை உழாமல் இருப்பதால் பல இனங்களுக்கு நன்மை உண்டு. ஆனால் இலிஷ் பெருமளவில் முட்டையிடுவது செப்டம்பர், அக்டோபரில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி. அதாவது கடலில் படகுகள் முழு மும்முரமாக ஓடும் காலத்தில். இந்த மீனுக்கு என்று தனித்தடை ஒன்று வேண்டும் என்பதை உணர்ந்து மாநில அரசு 2013இல் விதி கொண்டுவந்தது. செப்டம்பர் 15க்கும் அக்டோபர் 24க்கும் இடையில் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாள் இலிஷ் பிடிக்கக் கூடாது. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது. வலைக்கண் 90 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபராக்கா, காட்வா, டயமண்ட் ஹார்பர் பக்கங்களில் ஆற்றுப் பகுதிகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

தாளில் நல்ல விதிதான். ஆனால் அந்தத் தடை நாட்கள் பெரும்பாலும் துர்கா பூஜைக்கு அருகில் வருகின்றன. வருடத்தில் மீனுக்கு அதிக விலை கிடைக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் வலையைச் சுருட்டிவைக்கச் சொல்பவர்கள், வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அளவுக் கட்டுப்பாட்டின் கதையும் இதே. சந்தையில் ‘கோகா இலிஷ்’ என்று குவித்துவைத்திருப்பதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: ஒரு சாணை எட்டியும் எட்டாமலும் இருக்கும். வயிற்றைக் கீறினால் சினையின் சுவடே இருக்காது. பெண் மீன் முதல்முறை சினை பிடிக்கப் பொதுவாக 30 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஆக 23 என்ற சட்ட அளவே மீனின் கணக்குக்குக் குறைவு. அதையும் சந்தை மதிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று குட்டி இலிஷ் வாங்குகிற நகரத்துக்காரருக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

“எல்லாம் ஃபராக்கா அணையால் வந்த வினை.”

கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க, கங்கைத் தண்ணீரை 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாக பாகீரதி–ஹூக்ளிக்குத் திருப்பும் திட்டம் அது. 1975இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் அலகாபாத்தையும் தாண்டி ஏறிய இலிஷுக்கு வழி அடைபட்டது. பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதை நம்பியிருந்த ஆற்று மீனவர்களின் பிழைப்பு போனது. இது மறுக்க முடியாத இழப்பு. ஆனால் அணைக்குக் கீழே நடந்தது வேறு. கூடுதல் நன்னீர் வந்ததால் ஹூக்ளிக் கழிமுகத்தில் உப்பு குறைந்து, நன்னீர்ப் பகுதி கடலை நோக்கி நீண்டது. இலிஷுக்கு அது சாதகமாகவும் இருந்தது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இன்றைய கொல்கத்தாவின் தட்டுப்பாடு முழுவதையும் அணையின் தலையில் கட்ட முடியாது.

அணை மீனின் வழியை அடைக்கும் என்ற பாடம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. ஆற்று மீன்களின் ஏற்றத்தை இத்தகைய அணைகள் தடுப்பதைப் பற்றி மதராஸ் மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே 1873இல் விரிவான அறிக்கையே எழுதினார். இந்தியாவில் உல்லத்தைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சி முதலில் நடந்ததும் கொள்ளிடத்தில்தான், 1909 வாக்கில். ஆற்றின் வழி அடைபட்ட பிறகு பொரிப்பகம் அதற்கு ஈடாகவில்லை.

சரி, ஃபராக்கா அணைக்குக் கீழே இன்று என்ன நடக்கிறது? காக்துவீப், நாம்கானா பக்கம் ஓடைகளில் கழிகள் நட்டு, நீரோட்டத்துக்கு எதிராக வாய் பிளந்து நிற்கும் பை வலைகளைக் காணலாம். வாய் அகலம், வால் பகுதியோ கொசுவலை போல நெருக்கம். ஓதம் இறங்கும்போது தண்ணீரோடு வருவதெல்லாம் உள்ளே. கடலுக்குத் திரும்பும் இலிஷ் குஞ்சும் அதில் அடக்கம். சுந்தரவனத்தில் இடுப்பளவு சேற்றுநீரில் பெண்கள் டைகர் இறால் குஞ்சுக்காக வலை இழுக்கிறார்கள். கரையேறி, தட்டில் ஊற்றி, முடி கனத்தில் நெளியும் இறால் குஞ்சுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைச் சேற்றில் கொட்டுகிறார்கள். அந்த ‘மற்றது’ நாளைய மீன், நண்டு, எல்லாம். முதலை, சுறா பயத்தோடு நீரில் நிற்கும் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வருமானம் காட்டாமல் வலையைப் பறிப்பது நியாயமே இல்லை.

“இலிஷ் வங்கதேசத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.”

மீன் நாடு பார்த்துப் போவதில்லை. வழியும் நன்னீரும் உயிர்தப்ப வாய்ப்பும் எங்கே இருக்கிறதோ அங்கே தழைக்கிறது. பத்மா, மேக்னா ஆறுகள் மிகப் பெரியவை என்பது ஒரு காரணம். நிர்வாகம் இன்னொன்று. அங்கே அக்டோபரில் 22 நாள் முழுத்தடை. நவம்பர் முதல் ஜூன் வரை 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு மீனுக்குத் தடை. அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி. 2002–03இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, பதினைந்து ஆண்டுகளில் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அண்மையில் அங்கும் சறுக்கல் தெரிகிறது. எனவே அதையும் முடிந்த வெற்றியாக எண்ண வேண்டாம்.

“விஜயதசமிக்குப் பிறகு இலிஷ் சாப்பிடாததெல்லாம் வெறும் சாங்கியம்.”

கிழக்கு வங்கக் குடும்பங்கள் பல, துர்கா பூஜைக்காலம் முடிந்ததும் இலிஷை நிறுத்தி, சரஸ்வதி பூஜையன்று ஜோடி இலிஷ் வாங்கித்தான் மறுபடி தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில்தான் பொரித்த குஞ்சுகள் ஆற்றில் வளர்கின்றன. தொடங்கியவர்கள் எதை நினைத்துத் தொடங்கினாலும், அதன் விளைவு மீனுக்கு நல்லது. இதைக் கைவிட வேண்டாம்.

“கடல் சூழல் முழுவதையும் கணக்கில் எடுப்பது என்றால் மீன்பிடிப்பையே நிறுத்துவது.”

இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1995இலேயே வகுத்த பொறுப்பான மீன்பிடி நெறிகள், மீனவர் வாழ்வையும் சேர்த்தே பேசுகின்றன. நம் சிக்கல் வேறு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலம், அதற்கு அப்பால் ஒன்றிய அரசு. அணை ஒரு துறையிடம், தூர் வாருவது துறைமுகத்திடம், அலையாத்திக் காடு வனத்துறையிடம். இலிஷோ ஒரே வாழ்நாளில் இத்தனை எல்லைகளையும் கடக்கிறது. இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, மீனின் மாதங்களை வைத்துத் தேதி குறிக்க வேண்டும். செய்ய முடியாததல்ல: வங்கதேசம் மே 20 முதல் ஜூலை 23 வரை வைத்திருந்த தன் கடல் தடையை 2025இல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றி, இந்தியத் தடையோடு பொருத்தியது. ஒருவர் படகைக் கட்டிவைக்க மற்றவர் பிடித்துக்கொண்டு போகும் நிலை அதனால் குறைந்தது. அடுத்து இரு நாடுகளும் சேர்ந்து பொருத்த வேண்டியது அக்டோபர்த் தடையை. அந்த நாட்களுக்கான அரிசியும் பணமும் காக்துவீப் மீனவருக்கும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும்.